டீசலும் மிஞ்சும், மீனும் கெடாது

கேள்வி: என் கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். மீன் தேடி அலைவதிலேயே டீசல் கரைகிறது. சில நாள் பிடித்த மீனும் விலை போகாமல் கெடுகிறது. செல்போனால் இதற்கு வழி உண்டா?
– வாசகி, ஜெகதாப்பட்டினம்

பதில்: உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலியை அவருடைய போனில் ஏற்றுங்கள். இலவசம்தான், தமிழிலும் இருக்கிறது.

ஹைதராபாத்தின் ‘இன்காய்ஸ்’ நிறுவனம், கடல்நீரின் வெப்பத்தையும் நுண்பாசியின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, மீன் கூடக்கூடிய இடங்களைச் சொல்கிறது. அந்தத் தகவலும், அலை உயரமும், காற்றின் வேகமும் இந்தச் செயலியில் வருகின்றன. கரையில் சிக்னல் இருக்கும்போதே அன்றைய தகவலைப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். அலைச்சல் குறைந்தால் டீசலும் குறையும். சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் உண்டு. பாக் நீரிணையில் தொழில் செய்பவருக்கு அது உயிர்க்காப்பு. அதை அணைக்கவே கூடாது.

விற்பனைக்குச் செயலிகூட வேண்டாம், ஒரு போன் அழைப்பு போதும். வட கேரளத்தில் 1997க்குப் பிறகு செல்போன் வந்ததும், மத்தி பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே பல துறைகளில் விலை கேட்டுக் கரை ஏறினார்கள். அதுவரை பிடிப்பில் 5 முதல் 8 சதவீதம் வீணானது. பிறகு அந்த விரயம் அநேகமாக நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது.

நீங்களும் படகு சிக்னலுக்குள் வந்ததும் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் இரண்டிலும் விலை விசாரியுங்கள். எவ்வளவு மீன் வருகிறது என்று வாங்குவோரிடம் முன்கூட்டியே சொல்லி, ஐஸும் தயாராக வைத்திருங்கள். நிச்சயம் பலன் தெரியும்.