இன்னும் ஒரு நடை

சோளக்காடு,
கொல்லிமலை.

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது.

போன வாரம் நீ போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஐந்தாவது வண்டிக்கு லோன் கிடைத்துவிட்டது என்றாய், சந்தோஷம். உடனேயே, தவணை கட்டவேண்டும், இனி அமாவாசைக்கும் வண்டி ஓடும் என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அமாவாசை என்றால் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவதோடு சரி என்று நினைத்துவிட்டாயா? வண்டியைக் கழுவி, கிரீஸ் அடித்து, சக்கரங்களைக் கழற்றி லைனர் பார்க்க உன் தாத்தாவுக்கு மாதத்தில் ஒரு நாள் தேவைப்பட்டது. சாமி பேரைச் சொன்னால்தான் வியாபாரிகள் அந்த நாளை விட்டுக்கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கம்பெனிப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்கு சர்வீஸ் விடுகிறேன் என்கிறாய். நாமக்கல்லில் கேஸ் டேங்கர் வைத்து நேர் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. நமக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி இறங்கினால் 140. மாதம் 25 நடை என்றால் 3,500. மீட்டரில் கிலோமீட்டர் கொஞ்சம்தான் ஏறியிருக்கும்; அதற்குள் லைனரும் டை ராடும் முன் டயரின் ஓரமும் தேய்ந்திருக்கும். மலை வண்டிக்கு நடைக் கணக்குதான் கணக்கு.

நீ படித்தவன், போட்டுப் பார். 5 டன் எடையோடு ஒரு வண்டி 1,000 மீட்டர் இறங்குகிறது என்று வை. அந்த இறக்கத்தின் சூடு முழுவதும் பிரேக்கில் இறங்கினால், 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கச் சொல்கிறோம். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று உன் டிரைவர்கள் நம்புகிறார்கள். இந்தக் காலத்து எஞ்சினில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் நின்றுவிடும் என்று எடுத்துச் சொல்.

பிரேக் ஆயில் விஷயம் இதைவிட முக்கியம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் மலையில் மழைக்கும் மூடுபனிக்கும் கேட்கவா வேண்டும்? புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிச் சூட்டிலேயே கொதித்துவிடலாம். குழாயில் ஆவி அடைத்தால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. டப்பாவில் அளவு குறையவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதே.

23-ஆம் வளைவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அது அன்னாசி சீசன். ஆயில் கறுத்துவிட்டது, மாற்றிவிட்டு எடு என்று உன் அப்பாவிடம் மூன்று தரம் சொன்னேன். "இன்னும் ஒரு நடை போய்ட்டு வந்து பாத்துக்கலாம்ண்ணா" என்றான். அந்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. கடைசி நேரத்தில் வண்டியை மலைப்பக்கம் சாய்த்தான், முழங்காலோடு போயிற்று. இருபது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விதி என்கிறான். ஒரு டப்பா ஆயிலும் அரை நாள் வேலையும் செய்திருந்தால் அந்த விதி வந்திருக்காது கண்ணு. அண்ணன் பயந்தாங்கொள்ளி என்று அதற்கு முன்பு பந்தியில் எல்லோர் எதிரிலும் அவன் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எஃப்சி சோதனை இருக்கிறதே என்பாய். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷத்துக்கு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் வண்டியைப் பார்க்கவேண்டியது நாம்.

முடிவு உன்னுடையது. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஐந்து வண்டியையும் மாதம் முழுக்க ஓட்டலாம். இல்லை, ஐந்தாவதை மாற்று வண்டியாக வைத்து, முறை போட்டு ஒவ்வொன்றாக ஷெட்டில் நிறுத்தலாம். வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டு, எந்த நடையில் எதை மாற்றினோம் என்று எழுதலாம். முன்சக்கரத்துக்கு ரீசோல் டயர் போடாமல் இருக்கலாம். ஆனால் ஒன்று: இறக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது நீ இல்லை, உன்னை நம்பி வந்த பையன். ஆடியில் வல்வில் ஓரி விழா வருகிறது. குடும்பம் குடும்பமாக எதிரே ஏறி வருவார்கள்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? மனதில் வைத்துக்கொள்ளாதே சாமி. நம் வீட்டில் உன்னளவுக்குப் பொறுப்பானவன் யாரும் இல்லை. நான் கூட இல்லை. மிளகு விற்ற பணம் இருக்கிறது, முதல் மூன்று தவணையை நானே கட்டுகிறேன். மறுக்காதே. பெரியம்மா இரண்டு பலாப்பழமும் தேனும் கொடுத்துவிட்டிருக்கிறாள். மலைத்தைலம் உன் அப்பா காலுக்கு. நான் கொடுத்தேன் என்றே சொல்.

வருகிற அமாவாசைக்கு விடியற்காலை முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறேன். ஒரே ஒரு வண்டியையாவது நிறுத்தி வை. ஸ்பேனர் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டேன்.

உன் பெரியப்பா