எந்த முடிக்கு எந்தப் பெர்ம் லோஷன்?

பார்லர் வேலை கற்க வருகிறவர்கள் பெர்ம் பாடத்தில் முதலில் கேட்பது, "எந்த லோஷன் நல்லது?" என்றுதான். பாட்டிலை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முடியைத் தொட்டுப் பார்த்து, அதில் இதுவரை என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்த பிறகே சொல்லலாம்.

முடிக்கு உருவம் தருபவை அதன் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள். லோஷன் அவற்றில் ஒரு பகுதியை அறுக்கிறது. முடி, தான் சுற்றப்பட்ட ராடின் (உருளையின்) வளைவுக்கு இணங்குகிறது. நியூட்ரலைசர் பிணைப்புகளைப் புதிய இடத்தில் மறுபடி சேர்க்கிறது. லோஷனைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற அக்கறையை இந்தக் கடைசி வேலையிலும் காட்டினால்தான் சுருள் நிற்கும்.

பழக்கத்தில் முதலில் வருவது காரலோஷன். அம்மோனியம் தயோகிளைகோலேட் கலந்தது, பி.எச். அளவு 9 முதல் 9.6 வரை. முடியை உப்பச் செய்து உள்ளே இறங்குவதால் சூடு வேண்டியதில்லை. சுருள் இறுக்கமாக விழும், நாள்பட நிற்கும். சாயம் படாத, தடித்த கறுப்பு முடிக்கு இதுதான் பொருத்தம். கற்கிறவர்கள் இதில் தொடங்குவதே நல்லது என்பேன். வேலை வேகமாக நடப்பதால், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ராடை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, 'எஸ்' வடிவம் விழுந்துவிட்டதா என்று பார்க்கும் பழக்கம் கையோடு வந்துவிடும். கடிகாரத்தை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. மெல்லிய முடியில் ஐந்து நிமிடத்திலேயே வடிவம் விழுந்துவிடலாம்.

அமில லோஷன் கிளிசரில் மோனோதயோகிளைகோலேட்டால் ஆனது. பி.எச். 7-க்குக் கீழே இருப்பதால் முடி அதிகம் உப்பாது. ஹூட் டிரையரின் சூடு தேவை. சுருளும் தளர்வாகவே விழும். சாயம் போட்ட, மெலிந்த முடிக்கு இதையே எடுக்கச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் முடிக்கு மென்மையாக இருப்பது வேலை செய்கிறவர் கைக்கும் மென்மையாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சிகையலங்காரத் தொழிலாளர்களின் கைத்தோல் ஒவ்வாமைக்கு இந்த ரசாயனம் பேர்போன காரணம். சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவிவிடும். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாகப் போவதில்லை, தொழிலையே விட வேண்டியதாகலாம். அலசிய பிறகும் இந்த ரசாயனம் முடியில் தங்கியிருந்து தொல்லை தரும். தினமும் பெர்ம் செய்கிற கடையாக இருந்தால் இதைத் தவிர்த்து, சாயமிட்ட முடிக்கென்றே வரும் மிதமான காரலோஷனையோ, சிஸ்டியமைன் லோஷனையோ எடுப்பதே என் பரிந்துரை. சிஸ்டியமைனுக்கும் ஒவ்வாமை உண்டு என்பதால், எதை எடுத்தாலும் நைட்ரைல் கையுறை கட்டாயம்.

டிஜிட்டல் பெர்ம் வேறு வகை. லோஷனை அலசிய பிறகு மின்சார ராடில் சூடேற்றுவார்கள். காய்ந்த முடியில் பெரிய அலைகள் அழகாக விழும். இயந்திரச் செலவு அதிகம், சூட்டில் தலைத்தோல் சுடும் ஆபத்தும் உண்டு. சாதாரண பெர்மில் கை தேறிய பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எந்த லோஷனும் பொருந்தாத முடியும் உண்டு. ரீபாண்டிங் செய்த பகுதியில் பெர்ம் போட்டால் முடி உடைந்து கையோடு வரும். அடுத்தது, நம் ஊரில் பரவலான மருதாணிப் பொடி. அசல் மருதாணி முடிமேல் படிந்து லோஷனைத் தடுக்கும், அவ்வளவுதான். உலோக உப்புக் கலந்த பொடியானால் முடியே வெந்துபோகும். வாடிக்கையாளருக்குத் தன் பொடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அதனால் சில இழைகளை வெட்டி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம் பெராக்சைடுடன் சில துளி அமோனியா சேர்த்து அரைமணி நேரம் ஊறவையுங்கள். சூடேறினாலோ, நுரைத்தாலோ, நிறம் மாறினாலோ அன்றைக்கு அந்தத் தலையில் பெர்ம் கிடையாது. தலைத்தோலில் புண், கீறல் இருந்தாலும் அப்படியே.

இனி நியூட்ரலைசர். பெட்டியில் லோஷனோடு வருவதையே போடுங்கள், ஒரு கம்பெனியின் லோஷனுக்கு இன்னொரு கம்பெனியின் நியூட்ரலைசர் வேண்டாம். பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் இருக்கும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வேலை முடியும், கறுப்பு முடியின் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும். சோடியம் புரோமேட் நிறத்தைத் தொடாது, ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். விழுங்கிவிட்டால் சிறுநீரகமும் காதும் பழுதாகும் அளவுக்கு நஞ்சு. குழந்தைகள் வந்துபோகும் கடையில் நான் பெராக்சைடையே வைப்பேன்.

எது போட்டாலும் முதலில் ராடுகளோடே வெதுவெதுப்பான நீரில் குறைந்தது ஐந்து நிமிடம் அலச வேண்டும். லோஷன் மிச்சமிருந்தால் அறுப்பு நிற்காது. பிறகு துண்டால் ஒவ்வொரு ராடையும் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். ஈரம் தங்கினால் நியூட்ரலைசர் நீர்த்துப்போய்ச் சேர்ப்பு அரைகுறையாகும், சுருள் இரண்டு வாரத்தில் தொங்கிவிடும். நெற்றியோரம் வைத்த பஞ்சு லோஷனில் ஊறியிருந்தால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். நியூட்ரலைசரை மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒவ்வொரு ராடிலும் விட்டு, நேரம் முடிந்ததும் இழுக்காமல் கழற்றி, மீதியை நுனிகளில் தடவிக் கொஞ்ச நேரம் வைத்து அலசுங்கள்.

அனுப்பும்போது, இரண்டு நாள் ஷாம்பூ போட வேண்டாம், ஒரு வாரம் சாயம் வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.