முதுகைப் பார்த்தால் போதாது

கும்பிடுபூச்சியைப் படமெடுத்து ‘இது என்ன இனம்?’ என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் முதுகைத்தான் எடுத்திருப்பார்கள். நிறமும் இறக்கையும் தெரியும், இனம் தெரியாது. வேலியோரத்திலும் தோட்டத்திலும் பல ஆண்டுகளாக இவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதி வருகிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் நிறத்தை ஒதுக்குங்கள். ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. உடல்வாகும் ஏமாற்றும். மரப்பட்டையில் வாழ்பவை தட்டையாக இருக்கும், புல்லில் வாழ்பவை மெலிந்து நீண்டிருக்கும். அது வாழுமிடம் கொடுத்த உருவம். அதை வைத்து உறவு சொல்ல முடியாது. ஆய்வாளர்களையே இது நெடுங்காலம் திசைதிருப்பியது. முன்பு பெரும்பாலான இனங்கள் மான்டிடே என்ற ஒரே குடும்பத்தில் கிடந்தன. மரபணு ஒப்பீடு வந்த பிறகு அந்தக் கட்டு அவிழ்ந்தது. 2019-ல் ஷ்வார்ஸ், ராய் இருவரும் வெளியிட்ட வகைப்பாடு, ஏறத்தாழ 2,500 இனங்களை 29 குடும்பங்களாகப் பிரிக்கிறது. ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்புக்கு அதில் பெரிய இடம் உண்டு. ஆகவே பழைய நூல்களில் உள்ள குடும்பப் பெயரை அப்படியே எடுத்தெழுத வேண்டாம். பட்டையில் விரைந்தோடும் ஹம்பர்ட்டியெல்லாவைத் தேடினால், முன்பிருந்த லிட்டர்குசிடேயில் கிடைக்காது. இன்று அது கோனிபெட்டிடேயில் இருக்கிறது.

பிறகு எதைப் பார்ப்பது? முன்காலின் உட்பக்கத்தை. மான்டிஸ் ரெலிஜியோசாவுக்கு முன்கால் உடலோடு சேரும் துண்டின் உட்புறத்தில் கரும்பொட்டு இருக்கும். சிலவற்றில் அதன் நடுவே வெள்ளையும் தெரியும். ஸ்டாட்டிலியாவுக்குக் கறுப்பு வெள்ளைத் திட்டு. நம் தோட்டங்களில் காணும் பெரிய பச்சைப் பூச்சி பெரும்பாலும் ஹீரோடுலா. அதன் முன்னிறக்கையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெண்புள்ளி இருக்கும். முன்காலைக் கையால் பிரித்துப் பார்க்காதீர்கள், ஒடிந்துவிடும். பூச்சிக்கு முன்னால் குச்சியை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அதை அகலமான கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து படமெடுங்கள். உட்பக்கம் தெரியும், வயிற்றின் அடித்தகடுகளையும் எண்ணிவிடலாம்: ஆணுக்கு எட்டு, பெண்ணுக்கு ஆறு. தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்கும் பூச்சியை மட்டும் தொடவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது கோங்கைலஸ் கோங்கைலோடிஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. லின்னேயஸ் 1758-லேயே பெயரிட்டது. குச்சிக் கழுத்து, அதன் முனையில் இலையாக விரிந்த தகடு, கால்களிலும் இலைத் துணுக்குகள். காய்ந்த செடியில் காற்றோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு நேரே இருந்தாலும் தப்பிவிடும். பறந்து வரும் பூச்சிகளைத்தான் விரும்பிப் பிடிக்கும். தலையில் கூம்பு இருக்கிறதா, ஆணின் உணர்கொம்பு சீப்புப் பல்லாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் எம்பூசிடே குடும்பம் என்று துணிந்து எழுதலாம். பெண்ணின் வாசனையைத் தொலைவிலிருந்தே பிடிப்பதற்கான கொம்பு அது.

முன்கால் மடங்கியிருப்பதால் மட்டும் கும்பிடுபூச்சி ஆகிவிடாது. விளக்கடியில் வரும் மான்டிஸ்பிட் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். ஆனால் அதன் நான்கு இறக்கைகளும் கண்ணாடியாக, நரம்போடியிருக்கும்; அது வேறு வரிசையைச் சேர்ந்தது. கும்பிடுபூச்சிக்கு நெருங்கிய உறவு கரப்பானும் கறையானும்.

குஞ்சுகளைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். யூவான்டிஸ்ஸாவின் குஞ்சு எறும்பாகவே தோன்றும். இறக்கை முழுதாக வளராத எதற்கும் நான் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஹீரோடுலாவில் வளர்ந்த பூச்சிக்கே பல நேரம் அப்படித்தான். ‘ஹீரோடுலா, பெண், முருங்கையில், ஐப்பசி’ என்று ஒழுங்காக எழுதிய குறிப்பு, ஊகித்துப் போட்ட சிற்றினப் பெயரைவிடப் பிறருக்குப் பயன்படும்.

கிளையில் முட்டைக்கூடு கிடைத்தால், கிளையோடு வெட்டி வலைத்துணி கட்டிய புட்டியில் வையுங்கள். சில கூடுகளிலிருந்து குஞ்சுக்குப் பதில் நீண்ட முட்டையிடு குழலுள்ள சின்னஞ்சிறு குளவிகள் வெளிவரும். அவை பெரும்பாலும் போடாக்ரியான். கும்பிடுபூச்சியின் முட்டைகளைத் தின்று வளர்பவை. தூக்கிப் போடாமல் அவற்றையும் படமெடுத்து, கூடு கிடைத்த செடியின் பெயரோடு குறித்து வையுங்கள்.