மீன் பாலம் கட்டப் போகும் தம்பிக்கு



நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. செங்கம் சாலை வீட்டின் கூடத்தில் மூன்று தொட்டிகள், நடுவே ஆள் நடக்கும் வழி, அந்த வழியின் மேலே தலையைத் தாண்டி ஓடும் கண்ணாடிக் குழாய், அதற்குள் மீன்கள். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் முடித்துக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்குகிறார் என்றும், அடுத்த வாரமே கொளத்தூர் போய் மீன் எடுத்து வரப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். அதனால் உனக்குச் சொல்வதை அவர்களும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

உன் படத்தில் தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாய். மிஞ்சின தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. என் கவலை முழுவதும் அதில்தான்.

தொட்டிகளை இணைப்பது நம் பக்கத்துக்குப் புது வித்தை இல்லை. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரிகள் உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் பல ஒன்றோடொன்று கோத்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும். அந்த வழிசல்தான் கீழ் ஏரிக்கு வரத்து. நீ சமுத்திரம் ஏரிக் கரையில் நடந்திருப்பாய். அடுத்த முறை மதகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே, கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறது, கரை அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார். அந்த இடைவெளி வீணாக விட்ட இடம் அல்ல. எதிர்பாராத நாளில் வரும் தண்ணீருக்காக ஒதுக்கி வைத்த இடம். உன் தொட்டிக்கும் அந்த இடைவெளி வேண்டும். அது எத்தனை இஞ்ச் என்பதைப் பாலத்தின் அளவிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். அண்டாத் தண்ணீருக்குள் சொம்பை முக்கி, கவிழ்த்து, வாய் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி தூக்கினால் சொம்புக்குள் தண்ணீர் நிற்கும் அல்லவா? பாலத்தில் நடப்பதும் அதுதான். வெளிக்காற்று தொட்டியின் மேல்பரப்பை அழுத்துகிறது. அந்த அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் தாங்கி நிற்கிறது. கணக்குப்படி ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் வரை தாங்கும். ஆகவே நீ வரைந்திருக்கும் மூன்று அடி உயரத்தைத் தாங்குமா என்பது கேள்வியே இல்லை. பாலத்துக்குள் எப்போதாவது காற்றுப் புகுந்தால் அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் கீழே இறங்கும். அப்போது அது எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி.

உன் அளவையே எடுத்துக்கொள்வோம். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். பாலம் அரை அடிக்கு அரை அடிச் சதுரம், குறுக்கே 4 அடி, உச்சி தண்ணீர் மட்டத்திலிருந்து 3 அடி மேலே. இரண்டு கால்களையும் சேர்த்தால் உள்ளே நிற்பது இரண்டேகால் கன அடி, அதாவது சுமார் 64 லிட்டர். அத்தனையும் ஒரு தொட்டியிலேயே விழுந்தால் அதன் மட்டம் நாலரை இஞ்ச் ஏறும். நீ விட்டிருப்பது இரண்டு இஞ்ச். மீதி கூடத்துத் தரையில்தான் நிற்கும். பக்கத்தில் சுவரோரம் பிளக் பாயிண்ட் வேறு வரைந்திருக்கிறாய்.

உச்சியை ஒன்றரை அடிக்கு இறக்கு. அதே பாலத்தில் நிற்பது 42 லிட்டராகக் குறையும். ஒரே தொட்டியில் விழுந்தாலும் மூன்று இஞ்சுக்கு மேல் ஏறாது. தொட்டியில் நாலு இஞ்ச் காலி விட்டால் பாலத்துத் தண்ணீரைப் பொறுத்தவரை நிம்மதியாகத் தூங்கலாம். அதன் கீழே ஆள் நடக்க முடியாது, உண்மைதான். வழியை வேறு பக்கம் மாற்று. முதல் வேலையில் தலைக்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். சாதாரணத் தொட்டியில் தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளும். பாலத்தில் வெளிக்காற்று கண்ணாடியை உள்ளே தள்ளும். மூன்று அடி உயரத்தில் உன் மேல் கண்ணாடியின் மீது இறங்கும் பாரம் ஏறத்தாழ 170 கிலோ. ஒன்றரை அடியில் அது பாதி. வழக்கமாகத் தொட்டி ஒட்டுவது போல உள் மூலையில் மட்டும் சிலிகான் இழுத்துவிட்டால் போதாது. மேல் கண்ணாடி பக்கக் கண்ணாடிகளின் தலைமேல் உட்கார வேண்டும், இடையில் ஒட்டு நிறைந்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் காற்றின் அழுத்தமே மூட்டை இறுக்கிக் கொடுக்கும். பாலத்தின் எடையைத் தொட்டியின் விளிம்பில் ஏற்றாதே. சுவரிலிருந்தோ ஸ்டாண்டிலிருந்தோ தனி இரும்புத் தாங்கி கொடு.

ஸ்டாண்டுகளின் மட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. கொத்தனார் தளம் போடும்போது மட்டம் பார்க்க வைத்திருப்பாரே தண்ணீர் டியூப், அதைக் கடன் வாங்கு. பாலம் போட்டுவிட்டால் அது இணைக்கும் தொட்டிகள் எல்லாம் ஒரே தண்ணீர். ஒரு ஸ்டாண்ட் ஓர் இஞ்ச் தாழ்ந்திருந்தால் அந்தத் தொட்டியில் ஓர் இஞ்ச் காலியிடம் போச்சு. எடையையும் மறக்காதே. ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் என்றாலே சுமார் 250 கிலோ, கண்ணாடியும் மணலும் ஸ்டாண்டும் தனி. மாட வீதிப் பக்கம் மர உத்திரம் போட்ட பழைய மாடி வீட்டில் யாராவது கேட்டால் கீழ்த்தளத்தில் மட்டும் ஒத்துக்கொள்.

மோட்டார் விஷயத்தை நிதானமாகப் படி, இதுதான் ஆபத்தான இடம். குழாய்க்குள் மேல்பரப்பு கிடையாது, ஆகவே காற்றிலிருந்து ஆக்சிஜன் கரையாது. நீரோட்டம் வேண்டும். இதற்காக முதல் தொட்டியிலிருந்து இரண்டாவதுக்கு மோட்டாரில் தள்ளி, பாலம் வழியாகத் திரும்ப விடுகிறாய். யோசனை சரி. ஆனால் பாலத்தில் காற்று அடைத்துக்கொண்டால் திரும்பும் வழி நின்றுவிடும், மோட்டார் நிற்காது. முதல் தொட்டியைக் காலி செய்து இரண்டாவதை வழியவிட்டுக்கொண்டே இருக்கும். எனவே மோட்டாரை அடியில் வைக்காதே. அது உறிஞ்சும் வாய் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு இஞ்ச் கீழே மட்டும் இருக்கட்டும். என்ன ஆனாலும் அந்த இரண்டு இஞ்சுக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. பிறகு காலியிடத்தைக் கணக்குப் போடும்போது இந்த இரண்டு இஞ்சையும் பாலத்துத் தண்ணீரையும் கூட்டிக்கொள். எல்லாம் சேர்ந்தாலும் தாங்கும்படி இரண்டாவது தொட்டியின் மேல் ஓரத்தில் ஓட்டை போட்டு, டேங்க் நிப்பிள் வைத்து, ஒரு குழாயை வீட்டுச் சாக்கடைக்குக் கொண்டு போய்விடு. உன் தொட்டியின் கலங்கல் அதுதான்.

பாலத்தின் கால்கள் தண்ணீருக்குள் நாலு இஞ்சாவது முங்கியிருக்க வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில், மின்விசிறி ஓடும் கூடத்தில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்கே தெரியும். கால் வெளியே வந்த நிமிடம் பாலம் காலி. ஏர் ஸ்டோனைக் காலுக்கு அருகில் வைக்காதே, குமிழிகள் நேரே பாலத்துக்குள் ஏறிவிடும்.

பாலத்தை நிரப்பும்போது அவசரமில்லாமல் பக்கத்தில் நின்று பார். உச்சியில் இருக்கும் சின்ன வால்வில் ஏர் பம்ப்புக்குப் போடுகிற மெல்லிய டியூபை மாட்டிக் காற்றை உறிஞ்சுவாய். இரண்டு கால்களிலும் தண்ணீர் ஒரே சீராக ஏறும், தொட்டியின் மட்டம் அதற்கேற்பக் கொஞ்சம் இறங்கும். மூலை திரும்பி இரண்டு பக்கத்துத் தண்ணீரும் நடுவில் தொடும்போது, உச்சியில் ஒரு நீண்ட காற்றுத் துண்டு மாட்டிக்கொண்டு நிற்கும். அதை வெளியேற்றப் பாலத்தை வால்வுப் பக்கம் ஒரு நூல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். நீ வரைந்திருப்பது நேர்மட்டம். நிரம்பிய பிறகும் வேலை முடியாது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பொடிக் குமிழிகளாகப் பிரிந்து உச்சியில் சேரும். சில நாளில் ஒரு ரூபாய் அளவு, விட்டுவிட்டால் உள்ளங்கை அளவு. வாரத்துக்கொரு முறை வால்வைத் திறந்து உறிஞ்சிவிட வீட்டில் ஒருவருக்குக் கற்றுக் கொடு.

மீன்களுக்கு வருவோம். உன் பட்டியலில் ஃபைட்டரும் கௌராமியும் இருக்கின்றன, இரண்டையும் எடுத்துவிடு. அவை தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்கள். பாலத்துக்குள் போய் மேலே வந்தால் அங்கே கண்ணாடிதான் இருக்கும். ஏஞ்சல் மீனும் பாலத்துக்கு ஏற்றதல்ல. கோல்டு ஃபிஷ் உள்ளிட்ட கெண்டை இனத்து மீன்களுக்கு நீந்துபையிலிருந்து உணவுக்குழாய்க்கு வழி உண்டு. உயரம் மாறும்போது காற்றைச் சட்டென்று விட்டுச் சமாளிக்கும். ஏஞ்சலுக்கு அந்த வழி இல்லை, இரத்தத்தின் வழியே மெதுவாகத்தான் சரிசெய்துகொள்ளும். பார்ப், டானியோ போன்ற சின்னக் கெண்டைகள் கூட்டமாகப் பாலம் ஏறி இறங்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். நம் போர்வெல் தண்ணீர் பாறைக்குள்ளிருந்து வருவது. கண்ணாடியில் வெள்ளைக் கறை விட்டுப் போகும். அந்தக் கடினத் தண்ணீர் கப்பிக்கும் மோலிக்கும் பிடிக்கும். டெட்ரா, டிஸ்கஸ் கேட்டு வீட்டுக்காரர் அடம் பிடித்தால், அவற்றுக்கு மென்தண்ணீர் தேவை, இங்கே வருடம் முழுக்கச் செலவு என்று முதல் நாளே சொல்லிவிடு. பொதுக் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்று.

மூன்று தொட்டி என்று நீ எண்ணுகிறாய், நோய்க்கு அது ஒன்றுதான். ஒரு மீனில் வெண்புள்ளி வந்தால் அந்தக் கிருமி மீனிலிருந்து கீழே விழுந்து, பெருகி, நீந்தி அடுத்த மீனைத் தேடும். பாலம் அதற்கும் பாலம். ஆகவே நான்காவதாக, எதோடும் இணைக்காத ஒரு சிமென்ட் தொட்டி கொல்லையில் இருக்கட்டும். கொளத்தூரிலிருந்து வரும் மீன் எவ்வளவு நல்ல கடையில் எடுத்ததாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் அதில் இருந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இனித் தீபம். உன் கையில் இருப்பது மூன்று வாரம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேறவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் நாற்பது மீனை விட்டால், தீபம் பார்க்க வந்த உறவினர்கள் முன்னால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். கார்த்திகை மழைக்காலம், மின்வெட்டு வரும்; அந்த வாரம் ஊருக்குள் வண்டியும் எளிதில் வராது, ஒரு சிலிகான் டியூப் வாங்குவதும் கஷ்டம். வீட்டுக்காரரிடம் போய், தீபத்துக்குத் தொட்டியும் செடியும் விளக்கும் தயார், மீனும் பாலமும் தைக்குத்தான் என்று சொல். கோபப்பட்டால் படட்டும், இந்தக் கலை தொடங்கியதே நிதானமாகத்தான். 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி வாழும் கண்ணாடித் தொட்டியைப் பற்றி எழுதினார். இரண்டு தங்கமீனும் ஒரு செடியும் வைத்துத் தொடங்கி, அழுகிய இலை தண்ணீரைக் கெடுப்பதைப் பார்த்துப் பிறகுதான் நத்தையைச் சேர்த்தார். தண்ணீர் என்ன சொல்கிறது என்று பார்த்து அடுத்த அடி வைத்தார். வீட்டு அக்வேரியம் என்ற கலை வளர்ந்ததே அந்தப் பொறுமையால்தான்.

கூலி பேசும்போது கட்டும் கூலியை மட்டும் பேசாதே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று தனிக் குழு சொல்லப்படுகிறது. ஏரி வெட்டியவர்கள் அத்தோடு போய்விடவில்லை. பாசி வழிக்க, குமிழி எடுக்க, ஃபில்டர் கழுவ மாதம் இருமுறை வருவேன், அதற்கு இவ்வளவு என்று எழுதி வாங்கு. பாலத்தைக் கழற்றித் துடைக்க முடியாதபடி ஒட்டிவிட்டால் சில மாதத்தில் பச்சைக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழி உன் மேல் விழும்.

மீன் பெருகிவிட்டது, வளர்ந்துவிட்டது என்று யாராவது ஐயங்குளத்திலோ கிரிவலப் பாதைத் தீர்த்தங்களிலோ கொண்டுபோய் விடப் பார்த்தால் தடு. புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று விற்கிற சக்கர் மீன் அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் புகுந்தது. முள்ளும் கவசமுமாக வளர்ந்து, கரையில் வளை தோண்டி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. அந்த மீனை நீ விற்கவே வேண்டாம். வேண்டாத மீனை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவை.

கடைசியாக ஒரு சோதனை. மீன் எதுவும் விடாமல் மூன்று தொட்டியையும் நிரப்பு, பாலத்தை ஏற்று, மோட்டாரை ஓட விடு. பிறகு மின்சாரத்தை நிறுத்திப் பார். மறுபடி போடு. அப்புறம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே உச்சி வால்வைத் திறந்து பாலத்தை வேண்டுமென்றே காலியாக்கு. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, வழிசல் குழாய் எடுக்கிறதா, தரை நனைந்ததா என்று குறித்துக்கொள். வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும், அவர் பார்க்க வேண்டிய காட்சி அது. தேதியை முன்கூட்டியே சொல், பௌர்ணமியாக இல்லாமல் பார்த்துக்கொள்; அன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. நான் காலையிலேயே வந்துவிடுகிறேன். ரசமட்டம் என்னிடம் இருக்கிறது, டியூபை மட்டும் நீ கொத்தனாரிடம் கேட்டு வை.

அன்புடன்,
உன் அண்ணன்