உள்ளங்காலில் தொடங்கிய அரிப்பு

என் தங்கைக்கு 34-வது வாரத்தில் அரிப்பு ஆரம்பித்தது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். ராத்திரியானால் தாங்க முடியாது. ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பாள். "குழந்தைக்கு முடி முளைக்குதுடி, அப்படித்தான் அரிக்கும்" என்றார் அம்மா. நர்சிங் ஹோமில் டாக்டரும், "தோல் விரியுதும்மா, சகஜம்தான்" என்று கலமைன் லோஷனும் செட்ரிசின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே மருந்து. ரத்தம் எடுக்கவே இல்லை. 37-வது வாரத்தில் ஒருநாள் காலை குழந்தை அசையவில்லை.

அவளுக்கு வந்தது கர்ப்பகாலப் பித்தத்தேக்கம். கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாமல், பித்த அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிடும். தாய்க்குப் பெரும்பாலும் அரிப்போடு போய்விடும், ஆபத்து குழந்தைக்குத்தான். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டினால், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. அதனால்தான் அந்த அளவில் 36-வது வாரத்தையொட்டியே பிரசவம் பார்த்துவிடுகிறார்கள். தங்கைக்கு 118 இருந்தது. அதுவும் நர்ஸாக வேலை பார்க்கும் எங்கள் சித்தி மகள் பிடிவாதம் பிடித்ததால், குழந்தை இறந்த அன்றே வெளி லேபில் எடுத்த டெஸ்ட். பிரசவம் ஆகிவிட்டால் இந்த அளவு சீக்கிரமே இறங்கிவிடும். தள்ளிப்போட்டிருந்தால் கையில் சான்றே இருந்திருக்காது.

கேஸ் ஷீட்டை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எங்களுக்குப் பதினோராம் நாள்தான் கிடைத்தது. அதில் 'அரிப்பு' என்ற சொல்லே இல்லை. வாங்கிப் பார்த்த தங்கை அன்று முழுக்கப் பேசவில்லை.

நர்சிங் ஹோம் மீது போட்ட வழக்கில் எங்களைக் காப்பாற்றியவை மருந்துக்கடை பில்கள். மைத்துனர் அவற்றைச் செக்கப் ஃபைலில் அப்படியே செருகி வைத்திருந்தார். மூன்று தேதி, மூன்றிலும் கலமைன். அரிப்பு என்று சொல்லாதவருக்கு இந்த மருந்து எதற்கு என்று எங்கள் வக்கீல் கேட்டார். எதிர்த்தரப்பில் பதில் இல்லை.

ஆனால் தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் வழக்கு நிற்காது. நேரத்தில் கண்டுபிடித்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்பதையும் நாம்தான் நிறுவ வேண்டும். இதற்காக வெளியூரில் ஓய்வுபெற்ற மகப்பேறு பேராசிரியர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கினோம். வழக்கின் முதுகெலும்பு அந்த நான்கு பக்கம்தான்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போட வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. நான்கு ஆண்டுகள் அலைந்த பிறகு, சேவைக் குறைபாடு என்று எங்களுக்குத் தீர்ப்பு வந்தது.

கர்ப்பிணிக்கு ராத்திரியில் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள். கல்லீரல் டெஸ்ட்டும் பித்த அமில டெஸ்ட்டும் உடனே எடுக்கச் சொல்லுங்கள். முதல் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் அரிப்பு நிற்கவில்லையா, மறுபடி எடுங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி, கடைசி மாதங்களில் விடாத வாந்தி என்றால் அது வேறு கல்லீரல் கோளாறாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டாக்டர் அறையைவிட்டுக் கிளம்புவதற்கு முன், "அரிப்புன்னு சொன்னதைச் சீட்டுல எழுதிடுங்க டாக்டர்" என்று கேளுங்கள்.