காணிக்குப் பதிலாகப் பங்கு: பெய்ரூட்டில் நடந்தது

உங்கள் ஊர் அபிவிருத்தித் திட்டத்துக்குள் வருகிறது என்று யாராவது சொன்னால், புதிய கட்டடங்களின் படத்தைப் பார்க்க முன் வரைபடத்தில் உங்கள் காணியைத் தேடுங்கள். ஏன் என்பதற்கு லெபனானின் தலைநகர் பெய்ரூட் நல்ல உதாரணம்.

1975 முதல் 1990 வரை நடந்த போரில் அந்நகரின் மையம் சிதைந்தது. அதை மீளக் கட்ட 1994 இல் சொலிடேர் என்ற தனியார் கொம்பனி அமைக்கப்பட்டது. அங்கே காணி, கடை வைத்திருந்தவர்களின் உரிமை மதிப்பிடப்பட்டு, பதிலாகக் கொம்பனியின் பங்குகள் கொடுக்கப்பட்டன. வாடகைக்கு இருந்தவர்களுக்கும் அப்படித்தான். பேண வேண்டியவை எனக் குறிக்கப்பட்ட கட்டடங்களை மட்டும், கட்டணம் செலுத்தி, விதிப்படி திருத்துவதாக ஒப்புக்கொண்ட உரிமையாளர்கள் மீளப்பெற முடிந்தது.

வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. பழைய கல் முகப்புகள் அழகாகத் திருத்தப்பட்டன. ஆனால் பழைய சந்தைகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ரஃபேல் மொனேயோ வடிவமைத்த புதிய சந்தை 2009 இல் திறக்கப்பட்டது. தெருக்களின் பழைய அமைப்பையும் பெயர்களையும் அவர் பேணினார். மரக்கறியும் துணியும் விற்ற சிறு வியாபாரிகளின் இடத்துக்கோ விலையுயர்ந்த கடைகள் வந்தன.

எனவே எதிலும் கையொப்பமிட முன் கேளுங்கள்: அதே காணி திரும்பக் கிடைக்குமா? பெறுமதியை மதிப்பிடுவது யார்? எந்தத் திகதிக்குள் ஆட்சேபிக்கலாம்? வாடகைக்கு இருந்தவர்களும் இதைக் கேட்க வேண்டும். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள்.