தையல் மெஷின் வாங்கும் முன் பீரோவைத் திறங்கள்

ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி பஞ்சு விளையும் வயலிலேயே போய்விடுகிறது. ஆகவே புதுத்துணி வாங்கி வீட்டில் தைத்தால் மிச்சமாவது தையல் கூலி மட்டும்தான்; நுகர்வு குறைவதில்லை. வீட்டுத் தையல் பழந்துணியில் தொடங்கினால்தான் அர்த்தம். காலர் நைந்த சட்டையிலும் முதுகுத்துணி பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும்; தலையணை உறைக்கு அது போதும். கிழிந்த ஜீன்ஸின் கால் பகுதியை வெட்டி ஒரு முனையை மூடித் தைத்தால் காய்கறிப் பை தயார். தடித்த துணிக்கு 16ஆம் எண் ஊசி போடுங்கள். கைப்பிடி சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போட்டால் சுமை தாங்கும்.

‘ரெடிமேட் மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு இந்த மெனக்கெடல்?’ என்பார்கள். முழு உடை தைப்பதில் பெரிய ஆதாயமில்லை, உண்மைதான். ஆனால் நல்ல உடைகள் பலவும் மூலைக்குப் போவது பட்டன் விழுந்ததால், ஓரம் பிரிந்ததால், ஜிப் கெட்டதால். முதல் இரண்டுக்கும் மெஷினே வேண்டாம். ஊசியும் நூலும் கால் மணி நேரமும் போதும். ஜிப்பைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டும்.